கேமரா வாங்கும் முன் ஒரு வெளிச்சக் கணக்கு



"அண்ணே, எத்தனை மெகாபிக்சல் கேமரா வாங்கலாம்?" கிளைக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது அடிக்கடி என்னிடம் வரும் கேள்வி இது. சட்டைப் பையில் அடங்கும் பழைய காம்பேக்ட் கேமராக்களுக்கு இப்போது மறுபடியும் மவுசு வந்துவிட்டது. அக்கா அண்ணன்கள் அலமாரியில் போட்டு வைத்ததை எல்லாம் தேடி எடுக்கிறார்கள். அதனால் கேள்வியும் திரும்பி வந்துவிட்டது.

நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியைக் கேட்டவன்தான். கேள்வியே தப்பு என்று புரிந்தது, ஒரு கோயிலின் கடைசி இரவைப் படம் எடுக்கத் தவறிய பிறகு. அதிலிருந்து பாடத்தைத் தொடங்குகிறேன்.

அந்த இரவு

எங்கள் தாத்தா பாட்டி ரப்பர் மரம் சீவிய தோட்டத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருந்தது. நிலம் கைமாறியது. கோயிலை வேறு இடத்துக்கு மாற்றுவது என்று முடிவானது. பாலஸ்தாபனம் செய்வதற்கு முந்தைய இரவு கடைசி பூஜை. வழக்கமாகக் கருவறையைப் படம் எடுக்க விடமாட்டார்கள். அன்றைக்கு மட்டும் குருக்களும் கோயில் தலைவரும் அனுமதி கொடுத்தார்கள். "தம்பி, நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, நீயே எடு" என்று பொறுப்பை என்னிடம் தந்தார்கள்.

என் கையில் இருந்தது கிளைக்காக வாங்கிய 20 மெகாபிக்சல் காம்பேக்ட். பெட்டியின் மேல் அந்த எண்ணைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அதை நம்பி கூட்டத்துக்குப் பின்னால் நின்று, ஜூமை முழுக்க இழுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தேன். சின்னத் திரையில் எல்லாம் அழகாகத்தான் தெரிந்தது.

மறுநாள் கணினியில் திறந்தேன். அம்மன் முகம் களிமண்ணைத் தேய்த்தது போல இருந்தது. நீலப் பட்டுப் புடவை சாம்பல் நிறமாகிவிட்டது. தீபம் மட்டும் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தது. பாட்டி படங்களைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஆத்தா முகம் எங்கய்யா?" பதில் சொல்ல முடியவில்லை. திரும்பப் போய் எடுக்கலாம் என்றால் அந்தக் கருவறையே இல்லை.

விற்றவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. கேமரா செய்த தப்பை விட நான் செய்த தப்பு பெரியது. எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மெகாபிக்சல் எதைச் சொல்கிறது?

ஒரு மெகாபிக்சல் என்றால் பத்து லட்சம் புள்ளிகள். 1975-இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்து காட்டிய முதல் டிஜிட்டல் கேமராவில் 100-க்கு 100, அதாவது 10,000 புள்ளிகள்தான். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் பதிவு செய்ய அதற்கு 23 விநாடி பிடித்தது. அங்கிருந்து பார்த்தால் 20 மெகாபிக்சல் பிரமாண்டம்தான்.

ஆனால் நமக்கு எவ்வளவு தேவை? கடையில் கழுவும் 4ஆர் படம் 6-க்கு 4 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 1800-க்கு 1200; ஏறக்குறைய 2 மெகாபிக்சல்தான். ஏ4 அளவுக்குக்கூட 9 மெகாபிக்சல் போதும். ஆக, படம் எத்தனை துண்டாகப் பிரிக்கப்படுகிறது என்பதை மெகாபிக்சல் சொல்கிறது. ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பதைச் சொல்லவே சொல்லாது.

தயாரிப்பாளர்களுக்கும் இது தெரியும். கேனன் பவர்ஷாட் ஜி10 கேமரா 2008-இல் 14.7 மெகாபிக்சலுடன் வந்தது. அடுத்த ஆண்டு வந்த ஜி11-இல், சென்சார் அளவை மாற்றாமல், அதை 10 மெகாபிக்சலாகக் குறைத்தார்கள். மங்கிய வெளிச்சத்தில் படம் சுத்தமாக வர வேண்டும் என்பதே நோக்கம்.

சென்சார்: டம்ளரும் அண்டாவும்

மழையில் ஒரு டம்ளரையும் ஓர் அண்டாவையும் வையுங்கள். எதில் அதிகம் தண்ணீர் சேரும்? சென்சாரும் அப்படித்தான். வெளிச்சத்தைப் பிடிக்கும் பரப்பு எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி.

சாதாரண காம்பேக்டில் இருப்பது '1/2.3 அங்குலம்' என்ற வகை. உண்மை அளவு சுமார் 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர், பரப்பு 28 சதுர மில்லிமீட்டர். நம் சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியது. '1 அங்குலம்' என்ற வகை 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர், பரப்பு 116. ஏபிஎஸ்-சி என்ற வகை சுமார் 23.5-க்கு 15.6, பரப்பு 366-க்கு மேல். (1 அங்குல சென்சாரில் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் இல்லையே என்று குழம்ப வேண்டாம். பழைய வீடியோ கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்து வந்த பெயர் அது.)

இப்போது 20 மெகாபிக்சலை இவற்றில் பங்கு போடுங்கள். சின்ன சென்சாரில் ஒரு புள்ளியின் அகலம் சுமார் 1.2 மைக்ரான். 1 அங்குலத்தில் சுமார் 2.4 மைக்ரான். அகலம் இரண்டு மடங்கு என்றால் பரப்பு நான்கு மடங்கு. பிடிக்கும் வெளிச்சமும் நான்கு மடங்கு.

வெளிச்சம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஒளி சின்னச் சின்னத் துகள்களாக, ஃபோட்டான்களாக வருகிறது. அது சீராக வராது. மழைத்துளி போல முன்னே பின்னே விழும். அந்த ஏற்றத்தாழ்வு, வந்த எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். ஒரு புள்ளியில் 10,000 ஃபோட்டான் விழுந்தால் ஏற்றத்தாழ்வு 100. அதாவது 1 விழுக்காடு. கண்ணுக்கே தெரியாது. 100 ஃபோட்டான்தான் விழுந்தது என்றால் ஏற்றத்தாழ்வு 10. அதாவது 10 விழுக்காடு. அதுதான் இருட்டுப் படங்களில் மணல் தூவியது போலத் தெரியும் இரைச்சல். கேமரா அந்த மணலைத் துடைக்கப் பார்க்கும். துடைக்கும்போது கண், மூக்குக் கோடுகளையும் சேர்த்துத் துடைத்துவிடும். அம்மன் முகம் களிமண் ஆனது இப்படித்தான்.

புடவை நிறம் போனதற்கும் காரணம் உண்டு. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு நிற வடிகட்டி இருக்கும். கோடாக்கின் பிரைஸ் பேயர் வகுத்த முறைப்படி பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். எண்ணெய் விளக்கின் ஒளியில் நீலம் மிகக் குறைவு. அந்தக் குறைவையும் கால்வாசிப் புள்ளிகள்தான் பிடிக்கின்றன. நீலப் பட்டு எங்கே தெரியப் போகிறது?

லென்ஸ்: நான் செய்த பெரிய தப்பு

லென்ஸைச் சுற்றி 'எஃப் 3.3–5.9' என்பது போல ஓர் எண் பொறித்திருக்கும். வெளிச்சம் நுழையும் துவாரத்தின் கணக்கு அது. எண் சின்னதாக இருந்தால் துவாரம் பெரிது. முதல் எண் ஜூம் செய்யாதபோது. இரண்டாவது எண் முழுக்க ஜூம் செய்தபோது.

5.9-ஐ 3.3-ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள். சுமார் 3.2 வரும். அதாவது, நான் ஜூமை முழுக்க இழுத்ததும் சென்சாருக்குப் போகும் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஏற்கனவே மங்கலான கருவறை!

ஒவ்வொரு படத்துக்குள்ளும் அதை எடுத்த விவரம் பதிவாகியிருக்கும். என் படங்களில் பார்த்தேன்: எஃப் 5.9, ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/8 விநாடி. நாலு எட்டு முன்னால் போய், ஜூம் இல்லாமல் எடுத்திருந்தால் அதே கேமராவில் ஷட்டர் 1/25 விநாடி கிடைத்திருக்கும். ஜூம் செய்தால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்; அதுவும் மிச்சமாகியிருக்கும். குருக்களிடம் "சாமி, கொஞ்சம் கிட்ட வந்து எடுக்கலாங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கூச்சத்தில் கேட்கவில்லை.

ஷட்டரும் ஐஎஸ்ஓவும்

ஷட்டர் என்பது வெளிச்சத்துக்குக் கதவு திறந்திருக்கும் நேரம். அதிக நேரம் திறந்தால் அதிக வெளிச்சம்; ஆனால் கை ஆடினால் படம் கலங்கும். 'நடுக்கம் தடுக்கும்' வசதி உள்ள கேமரா கை ஆட்டத்தைச் சமாளிக்கும். ஆரத்தி தட்டு ஆடுவதை அதனால் சமாளிக்க முடியாது. அதற்கு வேகமான ஷட்டர்தான் வழி.

ஐஎஸ்ஓவைக் கூட்டினால் வெளிச்சம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது. வந்த சமிக்ஞையை அது பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். கோயில் ஒலிபெருக்கி போல: நாதஸ்வரத்தோடு கரகரப்பும் சேர்ந்து பெரிதாகும். ஆனாலும் ஒரு விஷயம் நினைவில் வையுங்கள். மணல் தூவிய படத்தில் முகமாவது தெரியும். கலங்கிய படத்தில் அதுவும் தெரியாது.

கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம்?

முதலில் அனுமதி. கருவறையைப் படம் எடுக்கக் கூடாது என்றால் கூடாதுதான். எடுக்கும்போதும் பின்னால் நிற்பவர் தரிசனத்தை மறைக்காதீர்கள்.

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். சின்ன ஃபிளாஷ் சில மீட்டர் தூரத்துக்குத்தான் எட்டும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகும். நகை பளிச்சென்று அடிக்கும், முகம் தட்டையாகும், குருக்கள் கண் கூசும்.

ஜூமைத் தொடாமல் கிட்டே போங்கள். தூணில் சாய்ந்து கொள்ளுங்கள். அசையாத பொருள் என்றால் கேமராவை ஒரு திண்டில் வைத்து, 2 விநாடி டைமர் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள். விரல் அழுத்தும் ஆட்டமும் இருக்காது.

சுற்றிலும் இருட்டு, நடுவில் தீபம் என்றால் கேமரா ஏமாந்து எல்லாவற்றையும் வெளுக்கச் செய்யும். கூட்டல் கழித்தல் குறி உள்ள பொத்தானில் 'கழித்தல் 1' வையுங்கள். சுடர் சுடராகத் தெரியும். ஷட்டர் வேகமும் இரட்டிப்பாகும்: என் கணக்கில் 1/25 இப்போது 1/50.

பழைய காம்பேக்டுகள் குவியம் தேட நேரம் எடுக்கும். பொத்தானைப் பாதி அழுத்திக் குவியத்தைப் பிடித்து வைத்துக் காத்திருங்கள். கற்பூரம் ஏறும் நேரத்தில் முழுக்க அழுத்துங்கள்.

கடைசியாக, எடுத்தவுடனே ஒரு படத்தையாவது திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். நான் அன்று இதைச் செய்திருந்தால் அங்கேயே திருத்தியிருப்பேன்.

சரி, எதை வாங்கலாம்?

பகலில் விளையாட்டுப் போட்டி, சுற்றுலா என்றால் சின்ன சென்சார் காம்பேக்டே போதும். ராத்திரி ரத ஊர்வலம், உள்ளரங்க நிகழ்ச்சி என்றால் 1 அங்குல சென்சாரைத் தேடுங்கள். 2012-இல் வந்த முதல் சோனி ஆர்எக்ஸ்100, 2014-இல் வந்த கேனன் ஜி7 எக்ஸ் இரண்டும் அந்த வகை. முன்னதன் லென்ஸ் எஃப் 1.8–4.9, பின்னதன் லென்ஸ் 1.8–2.8. ஜூம் செய்தால் எது அதிகம் வெளிச்சம் தரும் என்று இப்போது நீங்களே சொல்வீர்கள். ரிக்கோ ஜிஆர் 3 போன்றவை ஏபிஎஸ்-சி சென்சார் உள்ளவை, ஜூமே கிடையாது.

கைப்பேசி போதாதா? பல நேரம் போதும். அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கி இரைச்சலைக் குறைக்கிறது. அசையாத இடத்தில் நன்றாக வரும். ஆடும் காவடியில் சில சமயம் தடுமாறும். பழைய கேமரா வாங்கினால் லென்ஸுக்குள் விளக்கடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டு ஈரப்பதத்தில் அது சகஜம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் தப்பிக்கும்.

பயிற்சி

அடுத்த சந்திப்புக்கு முன் வீட்டுப் பூஜை அறையில் இதைச் செய்து பாருங்கள். ஓர் அகல் விளக்கை மட்டும் ஏற்றுங்கள். சாமி படத்தை முதலில் அறை வாசலில் நின்று முழு ஜூமில் ஒரு படம். பிறகு கிட்டே போய், ஜூம் இல்லாமல் ஒரு படம். கடைசியாக, அதே இடத்தில் கேமராவைத் திண்டில் வைத்து, டைமர் போட்டு ஒரு படம். மூன்றிலும் எஃப் எண், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் குறித்து எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து ஒப்பிடுவோம்.

புது இடத்தில் கும்பாபிஷேகம் நடந்தபோது அதே 20 மெகாபிக்சல் கேமராவைத்தான் கொண்டு போனேன். இந்தத் தடவை குருக்களிடம் கேட்டு, வெளிமண்டபத் தூணில் சாய்ந்து, உற்சவ மூர்த்தியை எடுத்தேன். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இது நல்லா இருக்குய்யா" என்றார். கொஞ்சம் கழித்து, "பழைய ஆத்தாவும் இப்படி வந்திருக்கலாம்" என்றார்.

உங்கள் ஊரிலும் ஒரு பழைய கோயில் இருக்கும். ஒரு பாட்டி இருப்பார். கேமரா வாங்கும் வரை காத்திருக்காமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் எடுத்துப் பழகுங்கள்.