கொல்லாமலும் ஊறு உண்டு: ஓடைப் பூச்சிகள் புகட்டும் பாடம்

இல்லறத்தார் ஏற்கும் கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் உண்டென உமாஸ்வாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வகுத்துள்ளார். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. கொலை இவ்வைந்தில் இடம்பெறவில்லை என்பதை மாணாக்கர் முதலில் மனத்திற் கொள்க. உயிர் போகாதிருப்பினும் ஊறு ஊறே. ஐந்தாவதாகிய அன்னபான நிரோதத்தை இப்பாடத்தில் ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே இளையரசனேந்தல் கரிசல் பூமி. தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் பொலியும் கழுகுமலை இதற்கு அண்மையது. மழையை நம்பிப் பருத்தி விளைவித்த மண் இது. பருத்தியின் சாறுண்ணும் பூச்சிகளுக்கு எதிராக நம் நாட்டு உழவர் கையாளும் மருந்துகளுள் இமிடாக்ளோபிரிட் ஒன்று. அது நீரில் எளிதிற் கரைவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல்நீர் ஓடையில் சேரும்போது மருந்தும் உடன் சேரக்கூடும்.

ஓடைக் கற்களின் அடியில் மே ஈ என்னும் சிறு பூச்சியின் இளவுயிர்கள் வாழ்கின்றன. கண்ணுடைமையால் இவை நாலறிவுயிர்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும் இவ்வினங்களை மதுரைக் கல்லூரிப் பேராசிரியர் கே. ஜி. சிவராமகிருஷ்ணன் பல்லாண்டு ஆராய்ந்தார். சிறகு பெற்ற மே ஈக்கு உண்ணும் வாய் இல்லை. பெரும்பாலானவை சில மணி நேரமோ ஓரிரு நாளோ வாழ்ந்து, முட்டையிட்டு மடியும். ஆகவே வாழ்நாள் முழுமைக்குமான உணவை அது நீரில் வாழும் இளமையிலேயே உண்டாக வேண்டும்.

ஒரு மருந்தின் நஞ்சை அளக்கும் பழைய முறை எளிது. பூச்சிகளை இரண்டு முதல் நான்கு நாள் மருந்து கலந்த நீரில் விட்டு, பாதி இறக்கும் அளவைக் குறிப்பர். பிழைத்தவற்றின் நிலையை இம்முறை கேட்பதில்லை. கனடா நாட்டு ஆய்வாளர் அதனைக் கேட்டனர். 2007-இல் வெளிவந்த அவர்தம் ஆய்வில், இளம் மே ஈக்களை 24 மணி நேரம் மட்டும் மிகச் சிறு அளவு இமிடாக்ளோபிரிட் கலந்த நீரில் வைத்து, பின்னர்த் தூய நீருக்கு மாற்றினர். உயிர் பிழைத்தவையும் அதன்பின் நாட்கணக்கில் சரிவர உண்ணவில்லை. மறு ஆண்டு வெளியான ஆய்வில், அவ்வாறு மருந்துபட்டு வளர்ந்தவற்றின் தலையோ மார்போ சிறுத்திருந்தமை தெரிந்தது. உடல் சிறுத்த பெண்பூச்சி இடும் முட்டையும் குறையும் என்பது பூச்சியியலார் அறிந்ததே.

நெதர்லாந்தில் 2013-இல் வெளியான ஆய்வு 28 நாள் நீண்டது. நான்கு நாளில் தீங்கு செய்யும் அளவினும் பல மடங்கு குறைந்த அளவே நீண்ட நாளில் மே ஈக்களைத் தாக்கியதை அது காட்டிற்று. குறுகிய சோதனையில் 'தீங்கில்லை' எனத் தோன்றியது, நெடிய சோதனையில் தீங்காயிற்று.

அதிசாரங்களுக்கு உரை வகுத்தோர் வீட்டுக் கால்நடைகளையும் பணியாளரையும் கருதியே பேசினர். எனினும் நம் செயலால் உணவிழக்கும் ஓடையுயிர்க்கும் அவ்வறம் பொருந்தும் என்பது நம் துணிபு.

நம்மவருட் பலர் உழவர். உழவில் நேரும் ஹிம்சையை முற்றும் நீக்கல் இல்லறத்தார்க்கு இயலாது, குறைத்தல் இயலும். பூச்சியின் சேதம் உரிய அளவை எட்டாதபோது மருந்து தெளியாதிருத்தல், மழை வரும் வேளையில் தெளிப்பைத் தவிர்த்தல், தெளிப்பானையும் மருந்துக் கலன்களையும் ஓடையிற் கழுவாமை, கரையோரம் புல்வரப்பு விடுதல் ஆகியவை எவரும் கைக்கொள்ளத் தக்கவை. நீரை வடிகட்டிப் பருகி, துணியில் தங்கிய உயிர்களை எடுத்த நீரிலேயே விடும் மரபினர் நாம். அவ்வுயிர்கள் திரும்பிச் சேரும் நீர் நஞ்சாகாமல் காப்பதும் அம்மரபின் பகுதியேயாம்.

சிந்தனை வினாக்கள்:
1. ஐந்து அதிசாரங்கள் யாவை?
2. மே ஈ இளமையில் உணவிழப்பது அதன் சந்ததியை எங்ஙனம் பாதிக்கும்?
3. நான்கு நாள் சோதனை காட்டாத எதனை 28 நாள் சோதனை காட்டிற்று?