இடித்துரையும் இழித்துரையும்



"திடலில் இறங்கிவிட்டால் ஏச்சையும் பேச்சையும் தாங்கத்தானே வேண்டும்? ஆண்கள் தாங்கவில்லையா?" பெண் கால்பந்து ஆட்டக்காரர்மீது வீசப்படும் வசைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இப்படிக் கேட்போர் உளர். அக்கேள்வியை நாம் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் வரலாற்றைக் காண்போம். முதல் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தின் தொழிற்சாலைப் பெண்கள் கால்பந்தாடத் தொடங்கினர். அவர்களுள் பிரஸ்டன் நகரத்து 'டிக், கெர்' அணி பெரும்புகழ் பெற்றது. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்ப்பூலில் அவ்வணியின் ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். ஓராண்டுகூடக் கழியவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று, இவ்வாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று எனக் கூறி, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன்னைச் சேர்ந்த கழகங்களின் திடல்களை அவர்களுக்கு மூடிவிட்டது. அத்தடை நீங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. ஆட்டத்திலா குறை? 53,000 பேர் குறையைக் காணவா கூடினர்? ஆடியவர் பெண் என்பதே குறையாயிற்று.

இன்று திடல் திறந்திருக்கிறது. வசையோ கைப்பேசி வழியே வீடு தேடி வருகிறது. 2023-ஆம் ஆண்டு மகளிர் உலகக் கோப்பையின்போது ஃபிஃபாவும், ஆட்டக்காரர் சங்கமான ஃபிஃப்ப்ரோவும் சமூக வலைத்தளப் பதிவுகளை ஆராய்ந்தன. ஐவரில் ஒருவர், அதாவது 152 பேர், இழிமொழிக்கோ மிரட்டலுக்கோ ஆளாகியிருந்தனர். அம்மொழிகளில் ஏறக்குறையப் பாதி ஆபாசமும் பெண்ணிழிவும் ஓரினக் காதலர் மீதான வெறுப்புமே. 2022 ஆடவர் கோப்பையில் ஆடியோரைவிட இவர்கள் வசைக்கு இலக்காகும் வாய்ப்பு 29 விழுக்காடு மிகுதி. "ஆண்கள் தாங்கவில்லையா?" என்பதற்கு இதுவே விடை.

2025 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்து அணியின் ஜெஸ் கார்ட்டர் நிறவெறி வசைகளுக்கு ஆளானார். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே சமூக வலைத்தளங்களை விட்டு விலகினார். கோப்பையை வென்ற அணியில் அவரும் ஒருவர். ஆனால், பேசும் இடத்தை விட்டு நீங்க வேண்டியவர் வசைபாடியவரா, அவரா?

அப்படியாயின் ஆட்டத்தைக் குறை கூறவே கூடாதா? கூறலாம். "காவல் வரிசை கலைந்தது, அதனால் கோல் விழுந்தது" என்பது இடித்துரை. அதைக் கேட்டு ஆட்டத்தைத் திருத்திக்கொள்ளலாம். "அடுப்படிக்குப் போ" என்பது இழித்துரை. அதைக் கேட்டு எதைத் திருத்துவது? இரண்டையும் பிரித்தறிய நான் கொள்ளும் அளவுகோல் ஒன்றே: அதே பிழையை ஓர் ஆண் செய்திருந்தால் அதே சொல்லைச் சொல்வோமா?

வேடிக்கை என்று நமக்கு வரும் படங்களையும் வரிகளையும் பிறருக்கு அனுப்புமுன் இவ்வளவுகோலை வைத்துப் பாருங்கள். தேறாதவற்றை அனுப்பாதீர்கள், அனுப்பிய நண்பரிடம் காரணத்தையும் சொல்லுங்கள்.