பொறியாளர் அ. லலிதா

சென்னைக் கிண்டியில் உள்ள பொறியியல் கல்லூரி, 1794ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கப்பெற்றது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அங்கு ஆண்களே பயின்றனர். அந்த வழக்கத்தை முதலில் மாற்றியவர், கணவரை இழந்தபின் படிப்புக்குத் திரும்பிய இளந்தாய் ஒருவர்.

அ. லலிதா 1919ஆம் ஆண்டு சென்னையில் தெலுங்கு பேசும் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை பப்பு சுப்பாராவ், கிண்டிக் கல்லூரியின் மின்பொறியியல் பேராசிரியர். அவருடைய ஆண்மக்கள் பொறியாளர் ஆயினர். பெண்மக்களின் படிப்போ அக்கால வழக்கப்படி அடிப்படைக் கல்வியோடு நின்றது. லலிதாவுக்கு 15ஆம் வயதில் திருமணம் நடந்தது. பத்தாம் வகுப்புவரை அவர் படித்தார். 1937இல் மகள் பிறந்தாள். குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது கணவர் காலமானார். அப்பொழுது லலிதாவின் வயது 18.

அந்நாளில் கைம்பெண்ணுக்கு மறுமணம் அரிது. வருவாய் தரும் தொழில் அதனினும் அரிது. பலருடைய வாழ்க்கை உறவினர் வீட்டுச் சமையலறையிலேயே முடிந்தது. லலிதா பிறந்தகம் திரும்பினார். சொந்தக் காலில் நின்று மகளை வளர்க்க வேண்டும் என்று உறுதிகொண்டார். சென்னை இராணி மேரிக் கல்லூரியில் இன்டர்மீடியட் வகுப்பில் சேர்ந்து, முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்றார்.

மருத்துவக் கல்வி அக்காலத்திலேயே பெண்களுக்குத் திறந்திருந்தது. ஆயினும், நள்ளிரவில் அழைப்பு வந்தால் குழந்தையை விட்டுச் செல்ல நேருமே என்று அவர் தயங்கினார். குறித்த நேரத்தில் வீடு திரும்பக்கூடிய பணியே அவருக்குத் தேவைப்பட்டது. இந்தியாவின் முதல் பெண் பொறியாளர் எனப் பின்னாளில் போற்றப்பட்டவர், ஒரு குழந்தையின் உறக்கத்தை எண்ணியே தம் தொழிலைத் தேர்ந்தார்!

தந்தை கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசினார். பொதுக்கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டேதம் இசைவு அளித்தார். லலிதாவுக்கென விடுதியில் தனி ஏற்பாடு செய்யப்பட்டது. குழந்தை உடன்பிறந்தார் இல்லத்தில் வளர்ந்தாள். வார இறுதிகளில் தாய் சென்று கண்டுவருவார். குழந்தையை ஏற்றுக்கொள்ள அப்படி ஒரு வீடு இல்லாதிருந்தால், அறிவும் உறுதியும் இருந்தும் அந்தப் படிப்பு நடந்திருக்குமா என்பது ஐயமே.

நூற்றுக்கணக்கான ஆண்களிடையே அவர் ஒருவரே பெண். அடுத்த ஆண்டில் லீலம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்னும் இருவர் கட்டடப் பொறியியல் பிரிவில் சேர்ந்தனர். இவர்களுள் திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார்.

லலிதா பீகாரில் உள்ள ஜமால்பூர் இரயில்வே பணிமனையில் ஓராண்டு பயிற்சி பெற்றார். 1943இல் பட்டமும் பெற்றார். அச்சிட்ட பட்டச் சான்றிதழில் ஆண்பாற்சொல் ஒன்றே இருந்தது. ஆதலால் அதனை அடித்துவிட்டுப் பெண்பாற்சொல்லைக் கையால் எழுத வேண்டியதாயிற்று. 'பொறியாளர்' என்னும் தமிழ்ச்சொல்லுக்கு இந்த இடர் இல்லை. அதன் 'அர்' விகுதி இருபாலார்க்கும் பொருந்தும்.

பின்னர்ச் சிம்லாவில் ஓர் அரசு நிறுவனத்தில் சில ஆண்டுகள் பணியாற்றினார். தந்தையின் ஆய்வுகளுக்கும் துணைபுரிந்தார். 1948இல் கொல்கத்தாவில் மின்கருவி நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். மின்தொடர்களையும் துணைமின் நிலையங்களையும் வடிவமைப்பது அவர் பணி. சட்லெஜ் ஆற்றின் பக்ரா நங்கல் அணைத்திட்டத்திலும் அவருக்குப் பங்கு உண்டு.

இப்பணியின் அருமையை ஒரு கணக்கால் உணரலாம். மின்சாரம் கம்பியில் செல்லும்போது ஒரு பகுதி வெப்பமாகி வீணாகிறது. மின்னழுத்தத்தை 10 மடங்கு உயர்த்தினால், அதே திறனை அனுப்பப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். வீணாகும் ஆற்றலோ நூறில் ஒரு பங்காகக் குறையும். எனவே தொலைவூர்களுக்கு உயர் அழுத்தத்தில் மின்சாரத்தை அனுப்பி, துணைமின் நிலையத்தில் அழுத்தத்தைக் குறைத்து வழங்குகின்றனர். எந்த இடத்தில் எந்தக் கருவி நிற்க வேண்டும், பழுது நேர்ந்தால் எந்த இணைப்பு தானே துண்டிக்கப்பட வேண்டும் என்பனவற்றை வரைபடத்திலேயே முடிவு செய்தல் வேண்டும். அங்குப் பிழை நேர்ந்தால் ஊரே இருளில் மூழ்கும்.

1964இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர், அறிவியலாளரின் முதல் பன்னாட்டு மாநாடு நடைபெற்றது. லலிதா அதில் கலந்துகொண்டார். 1977இல் ஓய்வு பெற்ற அவர், இரண்டே ஆண்டுகளில், தமது 60ஆம் வயதில் மறைந்தார்.

சொற்பொருள்
கைம்பெண் – கணவரை இழந்தவர்
பிறந்தகம் – பெண்ணின் தாய்வீடு
இசைவு – ஒப்புதல்
இடர் – இடையூறு

பயிற்சி
1. லலிதா மருத்துவத்தை விடுத்துப் பொறியியலைத் தேர்ந்தது ஏன்?
2. 'அர்' விகுதி பெற்ற, தொழில் செய்வோரைக் குறிக்கும் பெயர்கள் ஐந்தனை எழுதுக.
3. பணியில் இருந்துகொண்டே, அல்லது இடைவெளிக்குப் பின், மீண்டும் படித்த ஒருவரை உம் குடும்பத்திலோ அண்டை வீட்டிலோ கண்டு உரையாடுக. அவர் படித்த நாள்களில் வீட்டுப் பொறுப்பை ஏற்றவர் யார் என்று கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.