பழைய டர்போ டீசல் காரின் பழுதை வீட்டிலேயே கண்டறியும் முறை

பல ஆண்டுகள் உழைத்த டர்போ டீசல் கார் மேட்டில் ஏறுங்கால் வலுக் குன்றிப் புகை கக்குமாயின், டர்போ கெட்டுவிட்டதென்று கருதி அதனை உடனே மாற்றிவிடுவோர் பலர். இதனால் பெரும் பணம் விரயமாவதன்றி, மூலகாரணம் நீங்காதிருப்பின் புதிய டர்போவும் விரைவில் அழிதல் கூடும். டர்போ தானாகவே கெடுவது அரிது. பெரும்பாலும் தூசியும் எண்ணெய்க் குறைவுமே அதனைக் கெடுக்கின்றன. ஆகையால் அடியிற்கண்ட வரிசைப்படி சோதித்தறிதல் நலம்.

புகையின் நிறம்.—கறுப்புப் புகையுடன் வலுக் குறைந்தால், டீசலுக்குத் தக்க காற்று கிடைக்கவில்லை என்பது பொருள். புகையின்றியே வலுக் குறையுமாயின் டீசல் பில்டர் அடைபட்டிருக்கலாம். நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாமல், ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே வந்தால், அந்நீர் எஞ்சினுக்குள் கசிகிறதென்று கொள்ளலாம். குளிர்ந்த காலையில் சற்று நேரம் தோன்றும் வெண்ணிற ஆவி குற்றமன்று.

காற்று வழி.—எஞ்சினை நிறுத்தி, நன்கு ஆறிய பின்னரே கை வைத்தல் வேண்டும். முதலில் ஏர் பில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அறுவடைக் காலத்துப் புழுதியில் ஓடும் வண்டியில் அது விரைவில் அடைபடும். அடைபட்ட காகித பில்டரைக் கழுவாமல் மாற்றுவதே முறை. பில்டர் இன்றி வண்டியை ஓட்டலாகாது. மணற்றூள் டர்போச் சக்கரத்தின் இதழ்களை அரித்துவிடும். அடுத்து, டர்போவிலிருந்து எஞ்சின் வரையுள்ள ரப்பர்க் குழாய்களை அமுக்கியும் வளைத்தும் வெடிப்பு உளதா என்று பார்த்து, கிளிப்புகளை இறுக்க வேண்டும். பாரத்துடன் செல்லும்போது ‘உஸ்’ என்ற ஓசை எழுவதும், குழாயின் வெளிப்புறத்தில் எண்ணெய்க் கறை படிவதும் கசிவின் அடையாளங்கள். இவ்விடத்தைப் பாராமல் டர்போவை மாற்றுவது வீண் செலவேயாகும்.

டர்போத் தண்டு.—காற்று நுழையும் குழாயைக் கழற்றி, உள்ளிருக்கும் சக்கரத்தை விரலால் சுழற்றினால் அது தடையின்றிச் சுழல வேண்டும். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. ஆனால் தண்டு முன்னும் பின்னும் நகர்ந்தாலோ, இதழ்கள் கூட்டில் உரசியிருந்தாலோ, டர்போ கெட்டதென்று துணியலாம்.

எண்ணெய் வழி.—இத்தண்டு நிமிஷத்திற்கு 1,00,000 சுற்றுகளுக்கு மேலும் சுழல்வது. மெல்லிய எண்ணெய்ப் படலமே அதனைத் தாங்குகிறது. ஆகையால் வண்டியைக் கிளப்பியவுடன் எஞ்சினை விரைவுபடுத்தாமல் அரை நிமிஷமும், நெடுந்தூரம் பாரமிழுத்து வந்தபின் நிறுத்துமுன் ஓரிரு நிமிஷமும் மெதுவாக ஓடவிடல் வேண்டும். இன்றேல் சூட்டில் எண்ணெய் கருகிக் குழாயை அடைக்கும். எஞ்சினின் பிரீதர் குழாய் அடைபட்டாலும் டர்போவில் எண்ணெய் ஒழுகும். அதைக் கண்டு டர்போவையே பழித்தல் தவறு. புதிய டர்போ பொருத்துவோர் எண்ணெய்க் குழாயைச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும். எண்ணெயையும் அதன் பில்டரையும் புதிதாக இடுதல் அவசியம்.

அபாயம்.—டர்போவில் ஒழுகும் எண்ணெயையே எரித்து எஞ்சின் கட்டுக்கடங்காமல் விரைவதுண்டு. அப்போது சாவியைத் திருப்பினாலும் நில்லாது. பிரேக்கை அழுத்திப் பிடித்து, உயர்ந்த கியரில் கிளச்சை விட்டு எஞ்சினை நிறுத்த முயல வேண்டும். இயலாதாயின் அனைவரும் விலகி நிற்பதே அறிவு. அடைத்த கொட்டகையினுள் எஞ்சினை ஓடவிடுதலும் உயிருக்கு ஆபத்து. அதன் புகையில் நச்சு வாயு உண்டு.

எண்ணெய் மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், கண்ட புகையின் நிறம் ஆகியவற்றை ஒரு புத்தகத்தில் குறித்து வைத்தல் நன்று. மெக்கானிக்கை நாடும்போது அக்குறிப்பு அவருக்கு வழிகாட்டுவதோடு, உடையவரையும் வீண் செலவினின்று காக்கும்.