மலையேறும் பழைய பிக்கப்புக்கு எந்த ஷாக் அப்சார்பர்?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும்போது சிமெண்ட், செங்கல், மளிகை மூட்டை. இறங்கும்போது சாமை, புளி, பலா, சீத்தாப்பழம். விளைச்சல் இல்லாத மாதங்களில் இறக்கம் முழுக்கக் காலி வண்டி. ஜவ்வாது மலையில் ஓடுகிற பழைய பொலிரோ பிக்கப், டாடா 207, குட்டியானை எல்லாவற்றின் பிழைப்பும் இதுதான். காலையில் டன் கணக்கில் லோடு, மாலையில் வெறும் பாடி. இரண்டையும் ஒரே ஷாக் அப்சார்பர்தான் சமாளித்தாக வேண்டும். ஆனால் கடைக்குப் போகிறவர்கள் லோடை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, "இருக்கிறதிலேயே கெட்டியானதா கொடுங்கண்ணே" என்று கேட்கிறார்கள். பணம் வீணாவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

எடையைத் தாங்குவது பட்டையின், அதாவது லீஃப் ஸ்பிரிங்கின், வேலை. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பட்டை அமுங்கும். அமுங்கியது திரும்ப நிமிரும். விட்டுவிட்டால் நாலைந்து முறை ஆடிவிட்டுத்தான் அடங்கும். அந்த ஆட்டத்தை ஓரிரு அசைவில் நிறுத்துவது ஷாக்கின் வேலை. உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகள் வழியாகத் தள்ளுகிறது. ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறி, குழாயின் மேல்பரப்பு வழியே காற்றில் கலந்துவிடுகிறது. ஷாக் செத்துப்போன வண்டியும் லோடு ஏற்றும், ஓடும். அதனால்தான் பலர் வருடக்கணக்கில் கவனிக்காமல் விடுகிறார்கள். ஆனால் இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போது டயர் தரையை விட்டுவிட்டுத் தொடும். தரையில் படாத டயருக்கு பிரேக்கும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது. சமவெளியில் இது ஒரு அசௌகரியம். கொண்டை ஊசி வளைவில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

முதலில், பழுது ஷாக்கில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். "வண்டி அலைபாயுது" என்று கொண்டுவரும் பழைய பிக்கப்புகளில் பல நேரம் ஷேக்கிள் புஷ் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும். சிலவற்றில் யூ போல்ட் தளர்ந்திருக்கும். பட்டைக்கட்டில் ஒரு பிளேட் உடைந்திருக்கும். இவற்றை அப்படியே விட்டுவிட்டு எவ்வளவு விலை உயர்ந்த ஷாக்கைப் போட்டாலும் வண்டி அலையத்தான் செய்யும். காரின் மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுகிற சோதனை பிக்கப்புக்குச் சரிவராது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கிவிடும்.

அதைவிட நம்பகமான சோதனை ஒன்று இருக்கிறது. மேடுபள்ளமான மண் ரோட்டில் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நாலு ஷாக்கையும் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும் ஷாக் சூடாக இருக்கும். மூன்று சூடாகவும் ஒன்று மட்டும் குளிர்ந்தும் இருந்தால், அந்த ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. சந்தேகம் தீரவில்லை என்றால் கீழ் போல்ட்டைக் கழற்றி, கையால் இழுத்து அழுத்திப் பார்க்கலாம். இரண்டு திசையிலும் சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் எதிர்ப்பே இல்லாமல் ஓர் இடம் 'லொடக்'கென்று நழுவினால் அதன் ஆயுள் முடிந்தது. மேல் முனையில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு தெரிவது சகஜம். குழாய் நெடுக வழிந்து மண் ஒட்டியிருந்தால் அது கசிவு. டயரின் வட்டத்தில் குழிகுழியாகத் தேய்மானம் இருந்தாலும் ஷாக்கைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மன்ரோ நிறுவனம் அமெரிக்காவில் 50,000 மைலுக்கு, அதாவது ஏறக்குறைய 80,000 கிலோமீட்டருக்கு, ஒருமுறை ஷாக் மாற்றச் சொல்கிறது. அது தார் ரோட்டுக் கணக்கு. காட்டோர மண் பாதையில் குக்கிராமங்களுக்கு ஓடும் வண்டி அவ்வளவு தூரம் தாங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கடையில் என்ன கிடைக்கும்

மிகச் சாதாரணமானது எண்ணெய் மட்டும் உள்ள ட்வின் ட்யூப். குழாய்க்குள் குழாய், உள் குழாயில் பிஸ்டன் ஓடும், வெளிக் குழாய் எண்ணெய்த் தொட்டி. பழைய பிக்கப்புகளில் பெரும்பாலும் கம்பெனியிலிருந்து வந்தது இதுதான். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். இதன் பலவீனம் வெளிக் குழாயில் எண்ணெய்க்கு மேலே இருக்கும் காற்று. கரடுமுரடான பாதையில் விடாமல் ஓடும்போது அந்தக் காற்று எண்ணெயோடு கலந்து நுரைக்கும். நுரைத்த எண்ணெய்க்குப் பிஸ்டனைத் தடுக்கும் வலு இல்லை. காலையில் நன்றாக இருந்த வண்டி மதியம் படகு மாதிரி ஆடுவதற்குக் காரணம் இது. ஆறவிட்டால் சரியாகிவிடும், ஆகவே மெக்கானிக்கிடம் போகும்போது குறை தெரியாது.

அடுத்தது கேஸ் ட்வின் ட்யூப். அமைப்பு அதேதான், காற்று இருந்த இடத்தில் நைட்ரஜனைக் குறைந்த அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். அந்த அழுத்தம் எண்ணெயை நுரைக்கவிடாமல் வைத்துக்கொள்கிறது. காலி வண்டியில் சிறு குலுக்கலுக்கும் உடனே வேலை செய்யும். சாதாரண ஷாக்கைவிட விலை சற்றுக் கூடும், கட்டுப்படியாகாத அளவுக்கு இல்லை. உங்கள் மாடலுக்கு இது கிடைத்தால், யோசிக்காமல் வாங்கலாம் என்பதே என் கருத்து.

மூன்றாவது மோனோ ட்யூப். பிரான்ஸில் தெ கார்போன் உருவாக்கி, 1950களில் ஜெர்மனியின் பில்ஸ்டீன் தயாரிக்கத் தொடங்கிய முறை. ஒரே குழாய். எண்ணெய்க்கும் கேஸுக்கும் நடுவில் மிதக்கும் ஒரு பிஸ்டன் இருப்பதால் இரண்டும் கலக்கவே முடியாது. எண்ணெய் நேரடியாக வெளிக் குழாயைத் தொடுவதால் சூடு சீக்கிரம் வெளியேறும். பொறியியலாகப் பார்த்தால் ட்வின் ட்யூபைவிட மேலானது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் ஜவ்வாது மலைப் பிக்கப்புக்கு நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

முதல் காரணம் கல். பிக்கப்பின் பின் ஷாக்குகள் அச்சுக்குப் பக்கத்தில் தாழ்வாகத் தொங்குகின்றன. மண் பாதையில் டயர் தெறிக்கவிடும் கல் நேராக அதில்தான் அடிக்கும். ட்வின் ட்யூபின் வெளிக் குழாய் நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் ஓடும் குழாய் தப்பித்துவிடும். மோனோ ட்யூபில் நசுங்கிய இடத்தில் பிஸ்டனே சிக்கும், ஷாக் அத்தோடு போயிற்று. இரண்டாவது காரணம் வேகம். மோனோ ட்யூபின் பெரிய பலம் சூட்டைத் தாங்குவது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு மண் சாலைகளில் 80 கிலோமீட்டர் வேகத்தில் மணிக்கணக்காக அதிரும் வண்டிகளுக்கு அது தேவைப்படுகிறது. ஓல்ட் மேன் எமு மாதிரியான பிராண்டுகளும், தடித்த குழாயில் நுரைப்பஞ்சு வைத்த ஷாக்குகளும் அங்கே பிரபலமானது அதனால்தான். நெல்லிவாசலுக்கோ புதூர்நாட்டுக்கோ போகும் பாதையில் கல்லும் வளைவுமாக இருக்கும் இடங்களில் வண்டி ஊர்ந்துதான் போகும். அங்கே கிளம்பும் சூட்டைக் கேஸ் ட்வின் ட்யூப் தாங்கிக்கொள்ளும். மூன்றாவது, பழைய இந்திய பிக்கப்புகளுக்கென்றே செய்த மோனோ ட்யூப் கிடைப்பது அரிது. நீளத்தை ஒப்பிட்டு வேறு வண்டியுடையதைப் பொருத்துவார்கள். அந்த வண்டியின் எடைக்கு அமைத்த வால்வு உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மலைமேல் ஒன்று உடைந்தால் மாற்றும் கிடைக்காது.

வால்வு விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'ஹெவி டியூட்டி' என்று விற்கும் மிகக் கெட்டியான ஷாக், லோடு ஏற்றிய வண்டியில் அருமையாக இருக்கும். இறக்கிவிட்டுத் திரும்பும்போது பட்டையின் விறைப்பும் ஷாக்கின் விறைப்பும் சேர்ந்து பின்பக்கத்தைத் துள்ளவைக்கும். அடுத்தடுத்து மேடு வரும் பாதையில் அமுங்கிய பட்டை முழுதாக நிமிர்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் மோதும். எப்போதும் லோடோடு மட்டுமே ஓடும் வண்டிக்கு அது சரி. ஒருவழி காலியாக ஓடுகிற வண்டிக்கு வேண்டாம்.

சுற்றிலும் காயில் ஸ்பிரிங் மாட்டிய ஷாக்கை, "கூடுதல் லோடு தாங்கும்" என்று விற்கிறார்கள். பழைய வண்டிக்கு இது ஆபத்து. ஷாக் மாட்டியிருக்கும் பிராக்கெட்டை ஆட்டத்தைத் தடுக்கும் அளவுக்குத்தான் செய்திருக்கிறார்கள், எடை தாங்க இல்லை. துருவேறிய சேஸிஸில் அந்த வெல்டிங் விட்டுக்கொடுத்துவிடும். லோடுக்கு உண்மையிலேயே வலு வேண்டும் என்றால் பட்டைக் கடையில் சரியான பிளேட் சேர்ப்பதே முறை. அதுவும் ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எடைக்குள்தான். அதைத் தாண்டிய எடைக்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது.

ரீகண்டிஷன் ஷாக்கைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கழற்றி மாற்றும் வகையில் மூடி உள்ள பழைய ஷாக்குகளுக்கு சீல் மாற்றி எண்ணெய் நிரப்புவது நியாயமான வேலை. ஆனால் இன்று கிடைப்பவை பெரும்பாலும் வெல்டு செய்து மூடியவை. அவற்றை வெட்டி, கைக்குக் கிடைத்த எண்ணெயை ஊற்றி, மறுபடி வெல்டு வைத்துத் தருவார்கள். கம்பியில் கீறல் இருந்தால் புது சீலையும் அது சீக்கிரமே அரித்துவிடும். சென்னை புதுப்பேட்டையில் பழைய கதவு வாங்கலாம், கியர்பாக்ஸ் கூட வாங்கலாம், ஷாக் வாங்காதீர்கள். அதன் தேய்மானம் வெளியே தெரியாது.

பிராண்டைப் பொறுத்தவரை, கேப்ரியல் 1961 முதல் இந்தியாவில் இருக்கிற நிறுவனம். ஓசூரிலும் அதற்குத் தொழிற்சாலை உண்டு. மஹிந்திரா, டாடா நிறுவனங்களுக்கு ஷாக் செய்து கொடுப்பவர்களும் அவர்கள்தான். மன்ரோவும் கிடைக்கிறது. கம்பெனி ஸ்பேர் வாங்கினால் பார்ட் நம்பர் குழப்பம் இருக்காது. இந்த மூன்றில் எது உங்கள் ஊர்க் கடையில் பில்லோடு கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். பெட்டியைவிட, உள்ளே பொருள்மீது பொறித்த எண்ணைப் பாருங்கள். டூப்ளிகேட்டில் கம்பியின் குரோம் பூச்சு மங்கலாக, விரல் நகத்துக்குச் சொரசொரப்பாக இருக்கும்.

அளவு

பழைய வண்டியில் யாராவது எப்போதாவது பட்டை சேர்த்திருப்பார்கள், ஷேக்கிளை மாற்றியிருப்பார்கள். ஆகவே மாடல் பெயரை மட்டும் நம்பாமல் அளந்துவிடுங்கள். காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஷாக்கின் மேல் கண்ணுக்கும் கீழ்க் கண்ணுக்கும் இடைவெளியை அளக்க வேண்டும். பிறகு பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் அது மோதும் இடத்துக்கும் இடைவெளி. எடுத்துக்காட்டாக முதலாவது 45 சென்டிமீட்டர், இரண்டாவது 8 என்றால், பட்டை முழுக்க அமுங்கும்போது மிஞ்சுவது 37. ஷாக் முழுக்க அமுங்கிய நீளம் அதைவிட ஓரிரு சென்டிமீட்டராவது குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மோதலை ரப்பர் வாங்காமல் ஷாக் வாங்கும், உடையும். அடுத்து சேஸிஸை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைத் தொங்கவிட்டு மறுபடி அளவெடுங்கள். ஷாக்கின் நீட்டிய நீளம் அதற்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரத்தின் எடை முழுவதையும் ஷாக் இழுத்துப் பிடிக்கும், பிராக்கெட் கிழியும். ரப்பரே இல்லாத வண்டியாக இருந்தால் ஷாக்குக்கு முன் அதை வாங்குங்கள். மிகச் சிறிய செலவு அது.

மாட்டும்போது கவனிக்க இரண்டு விஷயம்தான். ட்வின் ட்யூபை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுதாக இழுத்து அழுத்திய பிறகு மாட்ட வேண்டும். கிடங்கில் படுத்துக் கிடந்ததில் உள்ளே சேர்ந்த காற்று வெளியேறிவிடும். போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்குவது, வண்டி நாலு சக்கரத்திலும் தரையில் நிற்கும்போது. தொங்கலில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். ஒரு அச்சில் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. நாலும் வாங்கக் காசு இல்லாவிட்டால் முதலில் முன் ஜோடி. இறக்கத்தில் பிரேக் போடும்போது எடை விழுவது அங்கே.

புது ஷாக் போட்ட வண்டி நன்றாகப் பிடித்து ஓடும். அதை நம்பிப் பின்னால் ஆட்களை ஏற்றாதீர்கள். 2022 ஏப்ரலில் புதூர்நாடு பக்கம் சேம்பரை மலைப்பாதையில், கோவிலுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற வேன் பள்ளத்தில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். சரக்கு வண்டியை எந்தப் பாகமும் ஆள் ஏற்றும் வண்டியாக்கிவிடாது.

எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். அந்தத் தேதி வரை ஷாக்கைத் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். மலையில் ஓட்டுகிறவர்கள் அதைவிட அக்டோபரைக் கணக்கில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் புஷ், பட்டை பார்த்து, உங்கள் மாடலின் பார்ட் நம்பருக்கு கேஸ் ட்வின் ட்யூப் ஒரு ஜோடியாவது மாட்டிவிடுங்கள்.