தகரத்தில் காய்ந்த வள்ளத் துண்டு

இரணைமடு

அன்புள்ள பிள்ளைக்கு,

குளம் வற்றியபோது சேற்றில் எடுத்த வள்ளத் துண்டைக் கொட்டில் தகரத்தில் மூன்று நாள் காயவைத்தாயாம். "ஒஸ்லோ நூதனசாலையில் வைக்கிங் கப்பல் காய்ந்துதானே நிற்குது, சேர்?" என்று நியாயம் வேறு.

சேற்றுக்குள் காற்றில்லை, பூஞ்சணம் பிடிக்காது. பக்டீரியா மட்டும் மெல்ல மெல்ல மரத்தைத் தின்னும். மிஞ்சுவது வெறும் கூடு. அதைத் தாங்கி நிற்பது தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியாகும்போது கூட்டுச் சுவர்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். உன் துண்டு நெளிந்து, விரல் நுழையுமளவு வெடித்தது அதனால்தான். சுவீடன்காரர் மூழ்கிக் கிடந்த வாசா கப்பலை 1961இல் தூக்கியதும் காயவிடவில்லை. தண்ணீர் இருந்த இடத்தில் பொலிஎதிலீன் கிளைக்கோல் என்ற இரசாயனம் போய்ச் சேரட்டுமென்று 17 வருடம் தெளித்தார்கள்.

இந்தப் பொறுமையான வேலை நம் நாட்டிலும் நடந்தது. காலித் துறைமுகத்தில் 1659இல் மூழ்கிய ஒல்லாந்தர் கப்பல் அவொன்ட்ஸ்டெர். அதை அகழ்ந்து எடுத்த பொருட்களைப் பதப்படுத்திக்கொண்டிருந்த கூடத்தை 2004 சுனாமி அடித்துப்போனது. கடல் கொடுத்ததைக் கடலே திருப்பிக் கேட்டது போல.

இனி உன் வைக்கிங்குக்கு வருவோம். 834இல் புதைத்த ஒசெபெர்க் கப்பலை 1904இல் தோண்டினார்கள். கப்பல் ஓக் மரம், உறுதி குலையவில்லை, ஆறுதலாக உலரவிட்டார்கள். நீ படத்தில் பார்த்தது அதைத்தான். கூடக் கிடந்த சறுக்குவண்டிகளிலும் செதுக்கு வேலைப்பாடுகளிலும் பல வேறு மரம், நன்றாக நைந்தவை. அவற்றில் பலவற்றைப் படிகாரக் கரைசலில் காய்ச்சினார்கள். கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்க நாம் போடுகிற அதே படிகாரம்! காய்ச்சும்போது பிறந்த கந்தக அமிலம் உள்ளுக்குள் இருந்து அரித்தது. நூறு வருடம் கழித்துப் பார்த்தால் வெளியில் பளபளப்பு, உள்ளே பொடி. இதை நான் வாசித்த நாளிலிருந்து "பழசைப் பளபளப்பாக்கித் தருகிறேன்" என்று வருகிற எவரையும் நம்புவதில்லை. முதிரைக்குச் செய்வதைப் பூவரசுக்குச் செய்வாயா? மரத்துக்கு மரம் வைத்தியம் வேறு.

மிச்சத் துண்டுகள் சேற்றில் கிடந்தால் இழுக்காதே. தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவி. ஏற்கெனவே எடுத்துவிட்டாயானால் ஈரச் சாக்கில் சுற்றி, குளத்துத் தண்ணீர் நிரப்பிய பரலுக்குள் அமிழ்த்தி, நிழலில் வை. தூரிகையால் தேய்க்காதே. பரல் தண்ணீர் கலங்கலாயிருக்கிறதென்று அம்மா படிகாரம் போட்டுவிடப்போகிறா, முதலில் அவவிடம் சொல்லி வை.

அன்புடன்,
உன் பழைய சரித்திர ஆசிரியர்