போகப் போகிறவர்களை வைத்து ஒரு சங்கம்

சிறிய கல்விச் சங்கம் ஒன்று தொடங்கப் போகிறோம் என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்கட பொருளாளர் எந்த வருசம் ஏ.எல். எடுத்தவர்?" என்பதுதான். நோக்கம், இலக்கு, சின்னம், ரீசேர்ட் நிறம் என்று எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக வந்திருப்பார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் முழிப்பார்கள். பதில் தெரிந்தால், அந்தப் பொருளாளர் எப்போது ஊரை விட்டுப் போவார் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம்.

திருகோணமலை நகரிலிருந்து கண்டி வீதியால் சீனக்குடாப் பக்கம் போனால் பாலையூற்று. லூர்து மாதா தேவாலயத்தால் வெளியூர்க்காரருக்கும் தெரிந்த இடம். சைவக் குடும்பங்கள், கத்தோலிக்கக் குடும்பங்கள், பறங்கியர் குடும்பங்கள் எல்லாம் அடுத்தடுத்த வளவுகளில். துறைமுகத்திலும் மாவாலையிலும் சீமெந்து ஆலையிலும் வேலை செய்கிறவர்கள் உண்டு. அன்றாடக் கூலிக்குப் போகிறவர்களும் உண்டு. தாய் குவைத்திலோ சவூதியிலோ, பிள்ளை அம்மம்மாவிடம் என்ற வீடுகளும் உண்டு. கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, இங்கே பின்னேர வகுப்பும் தாய்மார் குழுவும் நடத்தும் ஒரு சங்கத்தில் சேர்ந்தேன். சம்பளம் வாங்குகிறவர் எங்களில் ஒருவரும் இல்லை. பிள்ளைகளுக்கு நான் மிஸ், தொண்டர்களுக்கு அன்ரி.

தொண்டர்கள் என்று நான் சொல்வது பெரும்பாலும் ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளை. இந்த நாட்டில் கடைசிப் பேப்பருக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையில் ஒரு வருடமாவது கிடக்கிறது. கொரோனாக் காலம் அதை இன்னும் இழுத்துவிட்டது. 2021 ஆம் ஆண்டுக்குரிய ஏ.எல். 2022 பெப்ரவரியில்தான் தொடங்கியது. அந்த இடைவெளியில் கிடைக்கும் பிள்ளைகளைப் போல ஆசிரியர்கள் காசு கொடுத்தாலும் கிடைக்க மாட்டார்கள். பாடவிதானம் நாக்கு நுனியில் இருக்கும், பொறுமை இருக்கும், ஆறாம் வகுப்புப் பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்பது அவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது.

பிறகு ஒருநாள், "அன்ரி, நான் வாற மாசம் கம்பஸுக்குப் போறன்" என்பார்கள். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கிடைத்தால் சனி ஞாயிறுகளில் முகம் காட்டுவார்கள். யாழ்ப்பாணம், பேராதனை என்றால் போனதுதான். கட்டாருக்குப் போகிறவர்கள் விமான நிலையத்திலிருந்து ஒரு வாட்ஸ்அப் போடுவார்கள்.

இதைப் பெருங்குறையாகச் சொல்லும் தலைவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். "வளர்த்துவிட்டால் பறந்துவிடுகிறார்கள்" என்பார்கள். பறப்பதற்காகத்தானே வளர்க்கிறோம்! பல்கலைக்கழக அனுமதியில் கல்வியில் பின்தங்கியவை என்று 16 மாவட்டங்களைப் பிரித்து அவற்றுக்கு 5 சதவீத இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அந்தப் பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளை கம்பஸுக்குப் போவது சங்கத்துக்கு நட்டமாகத் தெரிந்தால், பிழை சங்கத்தின் அமைப்பில்தான்.

ஆகவே எங்கள் சங்கத்துக்கு வருடம் ஜனவரியில் பிறப்பதில்லை, ஏ.எல். முடிகிற கிழமையில்தான் பிறக்கிறது. புதிய தொண்டர்களை அந்தச் சூட்டோடு கேட்டுவிட வேண்டும். ஒரு மாதம் தாமதித்தால் ஆங்கில வகுப்பு, கம்பியூட்டர் கோர்ஸ், கொழும்பில் மாமாவின் கடை என்று ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். வருகிறவரிடம் எத்தனை மாதம் நிற்பீர்கள் என்று முதல் நாளே கேட்கிறேன். "ஆறு மாசம்தான் அன்ரி" என்று தயங்கிச் சொல்கிற பிள்ளையைக் கண்டால் எனக்குச் சந்தோசம், ஆறு மாதத்தை வைத்துத் திட்டம் போடலாம். "எப்பவும் நிப்பன்" என்கிற பிள்ளைதான் பெரும்பாலும் மூன்றாவது கிழமையில் காணாமல் போகிறது.

ஆள் போனால் ஆளோடு போகிற விசயங்கள் எவை என்று பார்த்து, அவற்றைத் தாளில் இறக்கி வைப்பதுதான் இந்த வேலையின் பாதி. வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொப்பியில் ஒரு பக்கம் இருக்கிறது. "பின்னம் கூட்டுவார், வகுத்தலில் மிச்சத்தை விட்டுவிடுவார். வாசிக்கும்போது கண்ணைச் சுருக்குகிறார், கண் பரிசோதனைக்குச் சொல்லியாயிற்று." இந்த அளவில்தான் எழுத வேண்டும். வீட்டுக் கதை எழுதக் கூடாது. தகப்பன் குடிப்பதும் தாய் வெளிநாட்டில் இருப்பதும் பத்துக் கைகளுக்கு மாறும் கொப்பிக்குரிய செய்திகள் அல்ல. போகிறவரும் வருகிறவரும் இரண்டு கிழமையாவது ஒரே வகுப்பில் சேர்ந்து நிற்க வேண்டும் என்பதையும் விதியாக்கினோம். கொப்பி சொல்லாததை அந்த இரண்டு கிழமை சொல்லிவிடும். யார் பசியோடு வருகிறார், யாரைச் சத்தம் போட்டால் அடுத்த நாள் வரமாட்டார் என்பதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகுவது.

ஆள் போன பிறகும் வேலை தொடர்வது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 1923 இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை பெண்பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பாடசாலைதான் இன்றைய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்று கேட்ட காலம் அது. தொடங்கியவர் போய், பாடசாலை அரசின் கைக்கு வந்து, நூற்றாண்டும் கடந்துவிட்டது. சுவாமி விபுலாநந்தரை எடுத்துக்கொள்ளுங்கள். இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பெடுத்து, 1920களின் பிற்பகுதியில் திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்தார். 1929 இல் மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயம். 1931 இல் சிதம்பரத்துக்குப் போய் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகம், 1947 இல் மறைவு. ஓரிடத்தில் உட்கார்ந்துவிடாத மனிதர். அவர் விட்டுப் போன பாடசாலைகள் இன்றைக்கும் காலையில் மணி அடிக்கின்றன. அவர் படிப்பையும் துறவையும் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறோம். விட்டுப் போகத் தெரிந்தவர் என்பதைப் பற்றி எவரும் பேசிக் கேட்டதில்லை.

விட்டுப் போகத் தெரியாமல் போனதையும் இந்த ஊர் பார்த்தது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு திருகோணமலை வீதிகளில் தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் நிறைந்திருந்தன. நல்ல வேலை செய்தவர்கள் நிறைய, அதை மறுக்க மாட்டேன். ஆனால் கூட்டத்துக்கு வந்தால் கையெழுத்து, ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு பற்றிஸ், போகும்போது ஒரு பை என்ற பழக்கமும் அப்போதுதான் வேர்விட்டது. உள்ளூரில் சும்மா வந்து படிப்பித்துக்கொண்டிருந்த இளைஞர்களுக்குத் திட்டச் சம்பளம் வந்தது. திட்டம் முடிந்ததும் சம்பளமும் போனது, படிப்பிக்கும் பழக்கமும் போனது. இன்றைக்கும் புதிய தாய்மார் கூட்டத்தில் யாராவது ஒருவர், "என்ன குடுப்பீங்க?" என்று கேட்பார். கோபப்படக் கூடாது, அது நாங்கள் எல்லோரும் சேர்ந்து பழக்கிய கேள்வி. "ஒண்டும் குடுக்க மாட்டம், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுப்பம்" என்று நேரே சொல்லிவிடுவது நல்லது. அதற்குப் பிறகும் வருகிறவர்கள் வருவார்கள்.

காசு விசயத்தில் நான் கச்சேரிக்காரி, கறார்தான். தொண்டு அமைப்புகளைப் பதிவு செய்வதற்கு 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் போய்க் கேளுங்கள், சொல்லித் தருவார்கள். பதிவும் யாப்பும் கூட்டறிக்கையும் இல்லாமல் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் திறப்பது பெரும்பாடு. தனி ஆளின் கணக்கில் சங்கக் காசைப் போடுவது, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவருக்கே செய்கிற துரோகம். நாளைக்கு ஒரு வாய் ஏதாவது சொன்னால் அவரால் எதையும் காட்ட முடியாது. காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும், அந்த இருவரும் ஒரே வீட்டுக்காரராக இருக்கக் கூடாது. போட்டோகொப்பி எடுத்த சில்லறைக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். இளம் பொருளாளர் கம்பஸுக்குப் போகும்போது கையெழுத்து மாற்றும் கடிதத்தை அவர் பெட்டி கட்டுவதற்கு முன் வங்கியில் கொடுத்துவிட வேண்டும். இது சின்ன விசயம் போலத் தெரியும். பேராதனையில் இருக்கும் பிள்ளையின் கையெழுத்துக்காகக் காசோலைப் புத்தகம் பஸ்ஸில் போய் வருவதைப் பார்த்தால் தெரியும்.

தொண்டர்களுக்குப் பஸ் காசு கொடுங்கள். சேவைக்குக் காசா என்று முகம் சுளிக்கிற பெரியவர்கள் எங்கள் சபையிலும் இருந்தார்கள். காசில்லாத வீட்டுப் பிள்ளை பஸ் காசுக்காகத் தாயிடம் கை நீட்டிச் சேவை செய்ய முடியாது. பஸ் காசு கொடுக்காத சங்கத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் மிஞ்சுவார்கள், அவர்களுக்கு எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வீடு புரிவதற்கு நெடுநாள் எடுக்கும். 2022 இல் பெற்றோல் இல்லாமல், இரவில் மின்சாரம் இல்லாமல், கொப்பி விலை ஏறிக் கிடந்த மாதங்களில் வகுப்பு நின்றுபோகாததற்குக் காரணம், நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்த சில பிள்ளைகள். அதற்குப் பிறகு தொண்டர் தேடும்போது பெறுபேற்றைப் பார்ப்பதற்கு முன்பு வீடு எங்கே என்று பார்க்கிறேன்.

தாய்மார் குழுவைப் பற்றி ஒரு சொல். கூட்டத்துக்கு வரவே மாட்டார்கள் என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்கள், எந்தக் கிழமையில் எந்த நுண்கடன் கம்பனியின் அறவீடு நடக்கிறது என்று விசாரித்தார்களா? கிழமைக் கடன் கட்டுகிற நாளில் எந்தத் தாயும் அமைதியாக உட்கார்ந்து பெண் வலுவூட்டல் கேட்க மாட்டாள். எங்கள் கூட்டத்தை வேறு நாளுக்கு மாற்றியதும் கதிரை போதாமல் போனது. அங்கே விரிவுரை எதுவும் வைப்பதில்லை. கடன் ஒப்பந்தத் தாளைக் கொண்டுவரச் சொல்கிறோம், வட்டி எங்கே எழுதியிருக்கிறது, பிணை நின்றவருக்கு என்ன பொறுப்பு என்று சேர்ந்து வாசிக்கிறோம். 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படித்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் ஓடப் பழகினார்கள். படித்ததைக் கொண்டு மறுநாளே எங்காவது போக முடிந்தது, அதனால்தான் அந்த இயக்கம் பேசப்பட்டது. வங்கிப் படிவத்தைப் பேரனிடம் கொடுக்காமல் தானே நிரப்பிய அம்மம்மா ஒருவர் எங்களிடம் இருக்கிறார். அவருக்குப் பிறகு மற்றவர்களும் படிவம் நிரப்பச் சொல்லித் தரும்படி கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பில் சலுகை இல்லை. ஒரு தொண்டரும் ஒரு பிள்ளையும் தனியே ஓர் அறையில் இருப்பதில்லை. கதவு திறந்திருக்கும். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் பிள்ளைகளின் கண் மட்டத்தில் சுவரில் எழுதியிருக்கிறது. பெரியவர்கள் பார்ப்பதற்காக அதை உயரத்தில் எழுதுகிற இடங்களைக் கண்டிருக்கிறேன், என்ன பிரயோசனம்?

படம் எடுப்பதிலும் அப்படித்தான். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ கொப்பிக்குக் காசு அனுப்புகிற நம்மவர்கள், பிள்ளை கொப்பியை வாங்குகிற படம் ஒன்று கேட்பார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, காசு போய்ச் சேர்ந்ததா என்று அறியத்தான். நாங்கள் பற்றுச்சீட்டையும் வரவு இடாப்பின் பிரதியையும் அனுப்புகிறோம். பிள்ளையின் முகத்தை அனுப்புவதில்லை. அந்தப் பிள்ளை நாளைக்குத் தொண்டராக அதே வகுப்புக்கு வரப் போகிறது. முகநூலில் கையேந்தி நிற்கும் தன் பழைய படத்தோடு அது ஏன் வர வேண்டும்? இதனால் சில உதவிகள் நின்றதும் உண்மை. நின்றால் நிற்கட்டும்.

கடைசியில் தலைவர் பதவி. இளையவர்கள் போவதைப் பற்றிப் பேசுகிற சங்கங்களில் மூத்தவர்கள் போவதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. எங்கள் யாப்பில் ஒருவர் தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் தலைவராக இருக்க முடியாது. அந்த வரியைச் சேர்க்க நான்தான் நின்று சண்டை பிடித்தேன், அந்த வரியின்படி நான்தான் முதலில் இறங்கினேன். இப்போதைய தலைவி வகுப்பில் படித்து, ஏ.எல். எழுதி, படிப்பித்து, வளாகத்தில் பட்டம் முடித்துத் திரும்பி வந்தவர். நான் இடாப்புப் பார்க்கிறேன். அவர் சில விசயங்களை நான் செய்யாத மாதிரிச் செய்கிறார், சிலது எனக்குப் பிடிப்பதில்லை. கூட்டத்தில் கை தூக்கிச் சொல்கிறேன், கூட்டறிக்கையில் எழுதுகிறார்கள்.

உங்கள் வீட்டில் ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளை இருந்தால், கிழமைக்கு இரண்டு பின்னேரம் பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு படிப்பு நிலையத்துக்கு அனுப்புங்கள். எத்தனை மாதம் நிற்க முடியும் என்பதை முதல் நாளே சொல்லச் சொல்லுங்கள். பஸ் காசைக் கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள்.